காற்றைப் பற்றிய பாடம்: பாடநூல் குழுவினருக்கு எண்ணூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மாநிலப் பள்ளிக் கல்விக்கான பாடத்திட்டத்தையும் அறிவியல் பாடநூல்களையும் உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம். வடசென்னைப் பகுதியில் உள்ள எண்ணூர், கத்திவாக்கம், அத்திப்பட்டு, மணலி ஆகிய ஊர்களின் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். காற்றைப் பற்றிய பாடத்தை இனி அட்டவணையாக எழுதாமல் வரலாறாக எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நைட்ரஜன் 78 விழுக்காடு, ஆக்சிஜன் 21, மற்றவை 1 என்னும் அட்டவணையைத் தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அது தவறானதன்று. ஆனால் அதைப் படிக்கும் பிள்ளை, காற்று என்றைக்கும் இப்படித்தான் இருந்தது, இனியும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறது. என் தலைமுறையினர் கார்பன் டை ஆக்சைடுக்கு நேராக 0.03 என்று மனப்பாடம் செய்தோம். இன்றைய பிள்ளைகள் 0.04 என்று படிக்கிறார்கள். இரண்டும் அந்தந்தக் காலத்துக்குச் சரியான எண்களே. ஓர் ஆசிரியரின் வாழ்நாளுக்குள் உலகம் முழுவதன் காற்றும் மாறியிருக்கிறது. வகுப்பறைக்குள்ளோ அது ஓர் அச்சுத் திருத்தத்தைப் போல ஓசையின்றி நடந்து முடிந்துவிட்டது. காலநிலை மாற்றம் என்ற தலைப்பு வேறொரு வகுப்பில், வேறொரு பாடத்தில் வரும்போது, அதற்கும் இந்த அட்டவணைக்கும் உள்ள உறவு பிள்ளைகளின் மனத்தில் எழுவதே இல்லை.

ஏறத்தாழ 454 கோடி ஆண்டு வயதுடைய இந்தப் பூமியில் முதல் இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மூச்சுவிடத்தக்க காற்றே இல்லை என்பதிலிருந்து பாடம் தொடங்கட்டும். எரிமலைகள் கக்கிய நீராவி, கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆகியவையே அன்றைய வளிமண்டலத்தின் பெரும்பகுதி. நீராவி மழையாகிக் கடலானது. கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதி அக்கடலில் கரைந்து சுண்ணாம்புப் பாறையாகப் படிந்தது. எதனோடும் எளிதில் சேராத நைட்ரஜன் அப்படியே தங்கிவிட்டது. அட்டவணையில் மூன்றாம் இடத்தில், 0.93 விழுக்காடாக இருக்கும் ஆர்கானைப் பற்றி நாம் ஒன்றுமே சொல்வதில்லை. அதன் மிகப் பெரும்பகுதி, பாறைகளில் உள்ள பொட்டாசியத்தின் கதிரியக்க வகை பல கோடி ஆண்டுகளாகச் சிதைந்து வெளிவந்த வாயு என்று சொன்னால், அந்த எண்ணுக்குப் பின்னால் காலம் இருப்பது ஒரு நொடியில் புரியும்.

ஆக்சிஜனின் கதை இன்னும் வியப்பானது. சயனோபாக்டீரியா எனப்படும் நீலப்பச்சைப் பாசிகள் வெயிலின் துணையால் நீரைப் பிளந்து, தமக்கு வேண்டாத கழிவாக ஆக்சிஜனை வெளிவிட்டன. தொடக்கத்தில் வெளிவந்ததையெல்லாம் கடல்நீரில் கரைந்திருந்த இரும்பும் எரிமலை வாயுக்களும் தின்று தீர்த்தன. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் காற்றில் ஆக்சிஜன் தங்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய, ஆக்சிஜன் அற்ற கடலில் இரும்பு எவ்வளவு கரைந்திருந்தது என்பதற்குச் சான்று தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. சேலத்துக் கஞ்சமலையின் காந்தக்கல் பட்டைகள் அக்கடலில் படிந்த இரும்புதான். அன்று வாழ்ந்த நுண்ணுயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் நஞ்சு. ஓர் உயிரினம் தன் கழிவால் உலகின் காற்றையே மாற்றிவிட முடியும் என்பது மனிதன் தோன்றுவதற்கு முன்பே மெய்ப்பிக்கப்பட்ட செய்தி என்பதைப் பிள்ளைகள் இங்கேயே அறிந்துகொள்ளலாம். அந்த ஆக்சிஜனிலிருந்து மேலே ஓசோன் உருவாகிப் புற ஊதாக் கதிர்களைத் தடுத்ததும், ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன் செடிகள் தரையில் வேரூன்றியதும் இதன் தொடர்ச்சியே.

இதற்கு அடுத்த பகுதியை எங்கள் ஊரிலிருந்தே சொல்ல முடியும். தரையில் காடுகள் பெருகி, மடிந்த மரங்கள் முழுவதும் மட்காமல் சதுப்பில் புதைந்த காலத்தில், காற்றிலிருந்த கார்பன் மண்ணுக்குள் போனது. ஆக்சிஜன் இன்றைய 21 விழுக்காட்டைக் கடந்து 30 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இந்தியா அப்போது அண்டார்க்டிகாவோடு ஒட்டி, கோண்டுவானா என்னும் பெருநிலத்தின் பகுதியாகத் தெற்கே கிடந்தது. குளோசாப்டெரிஸ் என்ற மரங்கள் அடர்ந்த அந்தக் காடுகள் புதைந்து உருவானதே ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி; அதன் வயது 25 கோடிக்கும் 30 கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகள். (தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912-இல் இறந்த, பிரிட்டனைச் சேர்ந்த துருவப் பயணி ஸ்காட்டின் குழுவினர், நடக்கவே இயலாத நிலையிலும் கைவிடாமல் இழுத்துவந்த பாறைகளில் இந்த மரத்தின் இலைப் பதிவுகள் இருந்தன. இந்தச் செய்தியைச் சொன்னால் கடைசி பெஞ்சுப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும் என்பது என் அனுபவம்.) அந்த நிலக்கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி, 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கி, கன்வேயர் பட்டைகளில் ஓடி, அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களின் கொதிகலன்களில் எரிகிறது. காடு கோடிக்கணக்கான ஆண்டுகளில் காற்றிலிருந்து எடுத்து வைத்த கார்பன், ஒரு மதியப் பொழுதில் மீண்டும் காற்றுக்குப் போகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு நிலக்கரிக் குவியல் தெரியும், கன்வேயர் தெரியும், புகைபோக்கி தெரியும். அந்தக் காடு மட்டும் தெரியாது.

அளவையும் அவர்களே கணக்கிடலாம். கார்பனின் அணு நிறை 12. அது ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடானால் மூலக்கூறு நிறை 44. ஆகவே ஒரு கிலோ கார்பன் எரிந்தால் மூன்றரைக் கிலோவுக்கு மேல் வாயு வரும் என்பது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. 500 மெகாவாட் திறனுள்ள ஒரு மின் உற்பத்தி அலகு நாள் முழுவதும் முழுத் திறனில் ஓடினால் 1.2 கோடி யூனிட் மின்சாரம் கிடைக்கும். அதோடு 11,000 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறும். வல்லூரில் அத்தகைய அலகுகள் மூன்று உள்ளன. அத்திப்பட்டு வடசென்னை அனல் மின் நிலையத்தில் மூன்று 210 மெகாவாட் அலகுகளும் இரண்டு 600 மெகாவாட் அலகுகளும் உள்ளன; 2024-இல் 800 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்தது. எல்லா அலகுகளும் எல்லா நாளும் முழுத் திறனில் ஓடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிகைப்படுத்திய கணக்கு பிள்ளைகளுக்கு அறிவியலைக் கற்றுத்தராது.

அடுத்து வேகம். அண்டார்க்டிகாவின் பனியைத் துளைத்தெடுத்து, அதில் சிக்கிய காற்றுக் குமிழ்களை அளந்ததில், கடந்த எட்டு லட்சம் ஆண்டுகளில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே ஏறியிறங்கியது தெரிகிறது. கடைசிப் பனிக்காலம் முடிந்தபோது ஏறத்தாழ 80 பங்கு உயர்ந்தது. அதற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் ஆயின. தொழிற்புரட்சிக்கு முன் 280 பங்காக இருந்தது, 1958-இல் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315-ஐ எட்டியிருந்தது. 2013-இல் 400-ஐத் தொட்டு, 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. பூமி இதைவிடக் கூடுதலான கார்பன் டை ஆக்சைடைக் கண்டதுண்டு. டைனோசர் காலத்தில் அப்படித்தான் இருந்தது. இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. மறைத்தால் பிள்ளைகள் வேறெங்கோ அதைப் படித்துவிட்டு, ஆசிரியர் சொன்னதெல்லாம் பொய்யென்று முடிவு கட்டிவிடுவார்கள். மனித இனம் உழவு கற்று, ஊர் அமைத்து, கடலோரத்தில் நகரங்களைக் கட்டியதெல்லாம் 280 பங்குக் காற்றின் கீழ் என்பதும், இயற்கை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் செய்ததை நாம் சில பத்தாண்டுகளில் செய்கிறோம் என்பதும்தான் இங்கே கவனிக்க வேண்டியவை.

இவ்வளவும் மனிதன் செய்ததுதான் என்பதற்கு என்ன சான்று என்று ஒரு நல்ல மாணவர் கேட்பார்; கேட்க வேண்டும். காற்றில் உள்ள கார்பனில் கதிரியக்கக் கார்பன்-14 சிறிதளவு எப்போதும் உண்டு. அதன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகளே என்பதால் கோடி ஆண்டுப் பழைய நிலக்கரியில் அது மிச்சமே இல்லை. நிலக்கரிப் புகை கலக்கக் கலக்கக் காற்றின் கார்பன்-14 விகிதம் நீர்த்துப்போவதை ஹான்ஸ் சூஸ் என்ற அறிஞர் 1950-களிலேயே மர வளையங்களில் கண்டார். எரிதலுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதால் அதன் அளவும் குறைய வேண்டும். சார்லஸ் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் அதை அளந்து காட்டினார். ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் நான்கு பங்கு அளவில் அது குறைந்துவருகிறது. “அப்படியானால் ஆக்சிஜன் தீர்ந்துபோய்விடுமா சார்?” என்ற கேள்வி இந்த இடத்தில் கட்டாயம் வரும். தீராது. இருப்பது பத்து லட்சத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பங்கு. அச்சமூட்டாமல் உண்மையைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் பாடத்தில் இல்லை.

வடசென்னைக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பிள்ளைகள் இரண்டு வெவ்வேறு கேடுகளை ஒன்றாகவே எண்ணுகிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். சன்னலோரத்தில் படியும் சாம்பலும், தொண்டையைக் கமறச் செய்யும் கந்தக டை ஆக்சைடும், பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளும் சில நாள்களோ சில வாரங்களோ மட்டும் காற்றில் இருந்துவிட்டு, மழையோடும் தூசியோடும் தரைக்கு வந்துவிடுபவை. அவற்றின் கேடு பெரும்பாலும் அருகில் இருப்பவர்களுக்கு. கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஓராண்டுக்குள் உலகெங்கும் கலந்துவிடும். அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும். ஒரே புகைபோக்கியிலிருந்து இரண்டும் வருகின்றன. பெரிய அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகளை 275 மீட்டர் உயரத்துக்குக் கட்டுவது முதல் வகைக் கேட்டைத் தொலைவுக்குப் பரப்பவே. இரண்டாவதற்கு உயரத்தால் பயனில்லை. முதல் வகைக்கும் உயரம் எப்போதும் உதவுவதில்லை; மதியத்தில் கடற்காற்று உள்ளே வீசும்போது மேலே போன புகை தரைநோக்கி இறங்குவதும், மார்கழி, தை விடியற்காலைகளில் தரையோரக் குளிர்காற்று மேலெழ முடியாமல் புகையை அங்கேயே அடைத்துவைப்பதும் உண்டு. போகி விடியலில் சென்னை முழுவதும் ஒரு நாள் காணும் புகைமூட்டம் கலையாமல் நிற்பதற்கும் இந்த அடைப்பு ஒரு காரணம். நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது 2009-இல் இந்தியா வகுத்த தரம்; உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 5. மணலியில் உள்ள காற்றுத்தர அளவீட்டு நிலையத்தின் எண்களை இந்த இரண்டோடும் ஒப்பிட்டு வரைபடம் போடச் சொல்வதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி எங்கள் பகுதிக்குக் கிடையாது.

அட்டவணையின் மற்ற வரிகளும் இங்கேயே இருக்கின்றன. காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கி உரம் செய்யும் ஆலை மணலியில் உள்ளது. அத்தகைய உரம் வயலில் இடப்பட்டபின் மண்ணின் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியை நைட்ரஸ் ஆக்சைடாக்கிக் காற்றுக்கு அனுப்புகின்றன. கொடுங்கையூர் குப்பைமேட்டின் உள்ளே காற்றுப் புகாமல் அழுகும் கழிவிலிருந்து மீத்தேன் வருகிறது. உலகக் காற்றில் அதன் அளவு தொழிற்புரட்சிக்கு முன்பிருந்ததைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. பாடநூலில் வாயுக்களுக்கு எங்கோ உள்ள படங்களைப் போடுவதற்குப் பதிலாக, பக்கத்து ஊர்களைக் காட்டலாம்.

பெயர்களையும் அப்படியே அருகிலிருந்து எடுக்கலாம். சென்னையில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன், குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோ ஃப்ளோரோ கார்பன்கள் கார்பன் டை ஆக்சைடைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பவை என்று 1975-இல் காட்டினார். 1999-இல் இந்தியப் பெருங்கடலின்மேல் படர்ந்த பழுப்பு மூட்டத்தை அளந்த பன்னாட்டு ஆய்வின் முன்னணியிலும் அவர் இருந்தார். புகைத்துகள்களில் ஒரு பகுதி வெயிலைத் திருப்பியனுப்பிப் புவி வெப்பத்தைச் சற்று மறைத்துவைக்கிறது என்ற சிக்கலான உண்மையை மேல்வகுப்புப் பாடத்தில் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்ல இயலும்.

அதே குளோரோ ஃப்ளோரோ கார்பன்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் 1974-இல் எச்சரித்தனர். அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் துளை 1985-இல் அறிவிக்கப்பட்டது. 1987-இல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. இந்தியா, ஆஸ்துமா மருந்துக் குப்பிகளுக்கான சிறு விலக்கு நீங்கலாக, 2008 ஆகஸ்டில் குளோரோ ஃப்ளோரோ கார்பன்களின் உற்பத்தியை நிறுத்தியது. அண்டார்க்டிகாவின் ஓசோன் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்ததும் 1980-ஆம் ஆண்டின் நிலைக்கு மீளும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் நின்றது. 2020 ஏப்ரலில் வந்த, பி.எஸ்.-6 எனப்படும் வாகனப் புகைத் தரத்துக்கான எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆகக் குறைந்தது. மறுபுறம், அனல் மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு 2015 டிசம்பரில் வகுக்கப்பட்ட வரம்பு, முதலில் தரப்பட்ட இரண்டாண்டு அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே கட்டாயமில்லை என்ற நிலையை அடைந்தது. இதையும் மறைக்காமல் பாடத்தில் எழுதுங்கள். ஒரு வரம்பு எப்படி நிறைவேறுகிறது, இன்னொன்று எப்படித் தள்ளிப்போகிறது என்று இரண்டையும் பார்க்கும் மாணவருக்குத்தான் சட்டமும் வேதியியலும் எங்கே சந்திக்கின்றன என்பது விளங்கும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுற்றுச்சூழல் பாடங்கள் பெரும்பாலும், மரம் நடுவோம், மின்விசிறியை அணைப்போம், மிதிவண்டியில் செல்வோம் என்ற அறிவுரையோடு முடிகின்றன. காட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு, ஒற்றை மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து இதைப் படிக்கிறது. வளிமண்டலத்தை மாற்றியதில் அந்தக் குடும்பத்தின் பங்கு மிக மிகச் சிறியது. மாற்றத்தின் கேட்டில் அதற்குக் கிடைத்திருக்கும் பங்கோ பெரியது. அந்தப் பிள்ளையிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் பாடத்தை முடிப்பது நேர்மையன்று. அதே வகுப்பில், தந்தை அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் நான் மறக்கவில்லை. 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் இந்தப் பகுதியில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. சென்னையின் விளக்குகளை எரித்தது. அந்தத் தந்தையைக் குற்றவாளியாக்கும் பாடம் எங்களுக்கு வேண்டாம். அவர் செய்யும் வேலையின் வேதியியலையும் அதன் விளைவையும், அதற்கு மாற்றாக எவையெவை உள்ளன என்பதையும் சுற்றிவளைக்காமல் சொல்லும் பாடமே வேண்டும்.

ஆகவே, ஆறாம் வகுப்பில் அட்டவணையைத் தரும்போதே அதன் அருகில் தொழிற்புரட்சிக்கு முந்தைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஆண்டோடு அச்சிடுங்கள். எட்டாம் வகுப்பில் ஆக்சிஜனும் நிலக்கரியும் உருவான கதையை அறிவியலிலும் புவியியலிலும் தனித்தனியாகச் சிதறவிடாமல் ஒரே தொடராக எழுதுங்கள். பத்தாம் வகுப்பில் அந்தந்த மாவட்டத்தின் காற்றைப் பற்றி ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து நிரப்ப இரண்டு பக்கங்களை வெறுமையாக விடுங்கள்; நெய்வேலியின் பக்கமும் நீலகிரியின் பக்கமும் எங்கள் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பொதுத்தேர்வில் இயைபு விழுக்காட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் மேற்சொன்ன எதுவும் வகுப்பறையில் நடக்காது என்பது ஆசிரியர் அனைவருக்கும் தெரியும். எனவே ஒரு வரைபடத்தைக் கொடுத்து அதைப் படித்து விளக்கச் சொல்லும் வினா ஒன்றையாவது சேர்க்க வேண்டும்.

வரைவுப் பாடம் தயாரானதும், அச்சுக்கு அனுப்பும் முன், எண்ணூர், நெய்வேலி, மேட்டூர், தூத்துக்குடி ஆகிய அனல் மின் நிலைய ஊர்களின் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களை அழைத்து ஒரு நாள் படித்துக்காட்டுங்கள். வகுப்பறையில் எந்த வரி நிற்கும், எது நிற்காது என்பதை நாங்கள் சொல்கிறோம்.

இப்படிக்கு,
எண்ணூர்ப் பகுதி அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர்